ராம்நாட்ல பெரியவங்க லேப்ஸ் அடிக்க கட்டுபடியாகுற இடம் ஏதாவது இருக்கா? (சென்னைலருந்து மாறி வந்தவ கேக்குறேன்)

மாறுதல்வாங்கினவ:

எல்லாருக்கும் வணக்கம். டிரான்ஸ்ஃபர்ல ராமநாதபுரம் வந்திருக்கேன், வயசு 41, பேங்க் வேலை, நாள் பூரா உக்காந்தே இருக்குறதால இடுப்பு வலி. சென்னைல இருந்தப்ப வேளச்சேரி நீச்சல் குளத்துக்குப் போய்க்கிட்டிருந்தேன். 50 மீட்டர் குளம், காலைல முதல் பேட்ச், 20 லேப் அடிச்சா ஒரு கிலோமீட்டர், தலையத் துவட்டிட்டு நேரா ஆபீஸ். டாக்டரே "மாத்திரைய விட இது நல்லா கேக்குது, விட்டுறாதீங்க"ன்னு சொன்னாரு. இங்க வந்ததுலருந்து அது நின்னு போச்சு, வலி திரும்ப எட்டிப் பாக்குது.

இங்க விசாரிச்சா எல்லாரும் ஒரே பதில்தான், "சுத்தி கடல வச்சுக்கிட்டு குளம் தேடுறீங்களே மேடம்". சரிங்க, கடல் இருக்கு, ஆனா கடல்ல லேப்ஸ் எப்படி அடிக்கிறது, லேன் கிடையாது, சுவர் கிடையாது, லைஃப்கார்டு கிடையாது, பொம்பளையா தனியா இறங்குனா கரைல நிக்கிற கூட்டம் வேற. நம்ம ஆளுங்க கடலுக்குப் போறதுன்னா இடுப்பளவு தண்ணில நின்னு மூணு முங்கு போடுறதுதான, எனக்கு வேண்டியது அது இல்ல.

மாசம் ஆயிரம், மிஞ்சினா ஆயிரத்தைந்நூறு செலவு பண்ண முடியும். ஸ்கூட்டி இருக்கு. மாசத்துக்கு ஒரு தடவ மதுரைக்கு அம்மாவப் பாக்கப் போவேன், அதனால மதுரைல இருந்தாலும் சொல்லுங்க. கத்துக்குடுக்குற இடம் வேணாம், எனக்கு நீச்சல் தெரியும். பெரியவங்க நிம்மதியா போய் வந்து நீந்துற இடம் வேணும், அவ்ளோதான்.

———

ஓய்வுபெற்ற விசில்:

அம்மா, நான் பி.இ.டி.யா, அதான் பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன். முதல் வேலையா சீதக்காதி சேதுபதி ஸ்டேடியத்துக்கு ஒரு நடை போய் மாவட்ட விளையாட்டு அலுவலர் ஆபீஸ்ல நேர்ல பேசுங்க. நீச்சல் பேட்ச் எது எது, கட்டணம் என்ன, பெண்களுக்குத் தனி நேரம் உண்டா, இதெல்லாம் வருஷத்துக்கு வருஷம் மாறும், அதனால எவனோ எப்பவோ போட்ட பதிவ நம்பாதீங்க, என்னையும் சேத்துத்தான் சொல்றேன்.

போனா "குளம் இருக்கா"ன்னு மட்டும் கேட்டுட்டு வந்துறக் கூடாது. லேப்ஸ் அடிக்கிறவங்க கேக்க வேண்டிய கேள்வி வேற. குளம் 25 மீட்டரா 50 மீட்டரா, கயிறு கட்டி லேன் பிரிச்சிருக்காகளா, இல்ல எல்லாரும் குறுக்கும் நெடுக்குமா குதிக்கிறதா. ஒரு மணி நேரத்துக்கு டிக்கெட்டா, மாசத்துக்குப் பாஸா. பாஸுன்னா வராத நாளுக்குக் கழிவு உண்டா. தண்ணிய வடிகட்டுற மிஷின் தெனம் ஓடுதா, குளோரின் அளவு எழுதுற நோட்டு இருக்கா. லிட்டருக்கு 1லருந்து 3 மில்லிகிராம் இருந்தா சரி. இறங்குறதுக்கு முன்னாடி குனிஞ்சு பாருங்க, ஆழமான பக்கத்துல தரைல இருக்குற கோடு தெளிவாத் தெரியலேன்னா அந்தத் தண்ணில இறங்காதீங்க, ஒருத்தன் முங்கிக் கிடந்தாலும் மேல நிக்கிறவனுக்குத் தெரியாது.

அப்புறம் நேரம். ஏப்ரல், மே மாசத்துல எந்த அரசு நீச்சல் குளத்துக்கும் லேப்ஸ் ஆசையோட போகாதீங்க, கோடை முகாம்னு புள்ளைக கூட்டம், 12 நாளுக்கு ஒரு பேட்ச்னு வந்துக்கிட்டே இருக்கும், குளமே கொதிக்கிற சோத்துப்பானை மாதிரி இருக்கும். ஜூன்ல பள்ளிக்கூடம் திறந்த மறுவாரம் போய்ப் பாருங்க, காலியாக் கிடக்கும். அப்பத்தான் கவுண்டர்ல இருக்குறவரும் நின்னு பேசுவாரு, "நாலு பெரியவங்க சேந்து வந்தா ஒரு ஓர லேன விட்டுத் தருவீங்களா"ன்னு கேக்கலாம், பெரும்பாலும் விடுவாக.

மதுரைன்னா ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். ஸ்டேடியம் நீச்சல் குளம். அம்மா வீட்டுக்குப் போற நாள்ல காலைல ஒரு டிக்கெட் எடுத்து நீந்திட்டு வரலாம். நைலான் நீச்சல் உடையும் தலைக்குத் தொப்பியும் கொண்டு போங்க, பருத்தித் துணிய உள்ள விட மாட்டாக. வாரத்துல ஒரு நாள் பராமரிப்புக்கு மூடுறது எல்லாக் குளத்துலயும் வழக்கம், அந்த நாளாப் பாத்து போய் நிக்காதீங்க.

———

கரையிலயே நிக்கிறேன்:

சார் சொன்னது சரி. நான் கூட ஒண்ணு சேக்குறேன், கடல் கடல்னு சொல்றவங்க பேச்சக் கேக்காதீங்க மேடம். வருஷா வருஷம் இந்தக் கடல்ல எத்தன பேர் வெளியூர்லருந்து வந்து உயிர விடுறாங்கன்னு பேப்பர்ல வருதே. பேசாம ஒரு ஹோட்டல் குளத்துல சேந்துருங்க. ராமேஸ்வரம் ரோட்டுல ரிசார்ட் வரிசையா வந்துருச்சு, தங்காதவங்களையும் காசு வாங்கிட்டு விடுறாங்க.

———

வடகடல்வாசி:

அண்ணே கரையிலயே நில்லுங்க, ஆனா அக்காவ ஹோட்டலுக்கு அனுப்பாதீங்க 😀

அக்கா, ஹோட்டல் குளத்த எல்லாம் நான் பாத்திருக்கேன், கேட்டரிங் வேலைக்குப் போன எடத்துல. அவரைக்கா மாதிரி வளஞ்சு ஒரு குளம், நீளமான எடத்துல அளந்தாலும் பத்துப் பன்னெண்டு மீட்டர் தேறாது, நாலு கை வீசுறதுக்குள்ள சுவர் வந்துரும், அதுல ஒரு கிலோமீட்டர்னா 80, 90 தடவ திரும்பணும், இடுப்பு வலிக்காரவுகளுக்கு அந்தத் திரும்புறதே ஆகாது. மணிக்கு 200 ரூபான்னு வச்சாக்கூட மாசம் 20 நாளுக்கு 4000 ஆச்சு. உங்க பட்ஜெட் எங்க, அது எங்க.

நான் பொறந்து வளந்தது மண்டபம், அப்பா வள்ளம் வச்சிருந்தாக, எனக்குக் கடல்ல நீளமா நீந்துற பழக்கம் உண்டு. சும்மா "கடலுக்குப் போங்க"ன்னு சொல்றவன் இல்ல நான், எந்தக் கடலுக்கு எப்ப போகணும்னு சொல்றேன், பொறுமையாப் படிங்க.

நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு கடல். வடக்க பாக் நீரிணை, தெக்க மன்னார் வளைகுடா. எங்காளுக வடகடல், தென்கடல்னு சொல்லுவாக, வடகடலப் பெண்கடல், தென்கடல ஆண்கடல்னும் சொல்றதுண்டு. மண்டபத்துல நின்னா ரெண்டுக்கும் நடந்தே போயிரலாம், உலகத்துல எத்தன ஊர்க்காரனுக்கு இந்தக் குடுப்பினை இருக்கு சொல்லுங்க. இதுல சங்கதி என்னன்னா ரெண்டும் ஒரே நேரத்துல மோசமா இருக்காது. வைகாசிலருந்து ஆவணி, புரட்டாசி வரைக்கும் கச்சான் காத்து, அதான் தென்மேற்குக் காத்து, தென்கடல் அடிச்சுக்கிட்டுக் கெடக்கும், அப்ப வடகடல் கரையோரம் தட்டு மாதிரி இருக்கும். ஐப்பசில மழ தொடங்கி வாடை அடிச்சா வடகடல் கலங்கிரும், சேறும் தாழையும் (கடல்புல்லு) கரைல ஒதுங்கிக் கெடக்கும், அப்ப தென்கடல் பக்கம் ஒதுக்கமான எடம் கெடைக்கும். மாசி, பங்குனி ரெண்டு கடலும் அமைதி. தலைமன்னார்லருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி வாரவுக பாருங்க, பெரும்பாலும் மார்ச், ஏப்ரல்லதான் வருவாக. ஜியா ராய்னு 13 வயசு பொண்ணு 2022 மார்ச் 20ல தலைமன்னார்லருந்து அரிச்சல்முனைக்கு 13 மணி 10 நிமிஷத்துல வந்துச்சு. 1994ல நம்ம குற்றாலீஸ்வரன் இந்த ஜலசந்தியக் கடந்தப்ப 12 வயசு. அவுகளுக்கு ரெண்டு நாட்டு அனுமதியும் கூடவே படகும் உண்டு, அதப் பாத்து யாரும் கெளம்பிறாதீங்க, அந்த மாசத்துல கடல் எப்படி இருக்கும்னு புரியுறதுக்காகச் சொன்னேன்.

எடம்னு கேட்டா முதல்ல அரியமான். ராம்நாட்லருந்து ராமேஸ்வரம் ரோட்டுல வந்து உள்ள திரும்பணும், சவுக்குத் தோப்பு இருக்கும். ரொம்ப தூரம் நடந்தாலும் இடுப்பு, நெஞ்சு அளவுதான் தண்ணி, அடில மணல். அதுதான் லேப்ஸுக்கு வேண்டியது. ஆழத்துக்குப் போக வேண்டியதே இல்ல, நெஞ்சளவுத் தண்ணில கரைக்கு இணையா நீந்தணும், களைச்சா கால ஊன்றி நின்னுரலாம், குளத்துல கூட அந்த வசதி முழுசா கெடையாது. கரைல ரெண்டு எடத்துல கம்பு நட்டு, மேல கலர் துணி கட்டுங்க, நடுவுல 100 மீட்டர், போன்ல மேப்ப வச்சு அளந்துக்கலாம். அஞ்சு தடவ போய் அஞ்சு தடவ வந்தா உங்க ஒரு கிலோமீட்டர்.

ஆனா போறதும் வாரதும் ஒண்ணா இருக்காது. நீவாடு, அதான் கடல் நீரோட்டம், ஒரு பக்கமா இழுக்கும், போகும்போது ரெண்டு நிமிஷம்னா வரும்போது மூணாகும். அதனால எப்பவுமே முதல்ல நீவாட்டுக்கு எதிர நீந்துங்க, உடம்புல தெம்பு இருக்கும்போதே கஷ்டத்த முடிச்சிரணும், திரும்பி வாரப்ப அதுவே தள்ளிவிடும். தண்ணில ஒரு காஞ்ச ஓலத் துண்டப் போட்டுப் பாருங்க, எந்தப் பக்கம் போகுதோ அதுக்கு எதிர்த்திசைல தொடங்குங்க. தூரக் கணக்க விட்டுட்டு நேரக் கணக்கு வச்சுக்கங்க, 40 நிமிஷம்னா 40 நிமிஷம்.

போகவே கூடாத எடமும் கேட்டுக்கங்க. அரிச்சல்முனை, தனுஷ்கோடி முனைப் பக்கம் கால நனைக்கிறதோட சரி, ரெண்டு கடலும் மோதுற எடம், மணல் காலடிலேயே பறியும். பாம்பன் பாலத்துக்குக் கீழ அந்த வாய்க்கால், நல்லா நீந்துற பயலுகளே யோசிப்பானுக. தேவிபட்டினத்துலருந்து தொண்டி வரைக்கும் அடில சேறு, கால் பொதையும். தென்கடல்ல தீவு தெரியுதேன்னு நீந்திப் போகாதீங்க, அந்த 21 தீவும் 1986லருந்து கடல்சார் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாம போகக் கூடாது, அதோட கரையோரமே பார்க்கல்லு, அதான் பவளப்பாறை, கால கிழிச்சிரும்.

———

கரையிலயே நிக்கிறேன்:

இவ்ளோ எழுதின நீங்க ஒண்ண மட்டும் விட்டுட்டீங்களே தம்பி, ராம்நாட்லருந்து அரியமான் 25 கிலோமீட்டர், போக வர 50, ஸ்கூட்டிக்கு ஒரு லிட்டருக்கு மேல பெட்ரோல், தடவைக்கு 100 ரூபாய்க்குக் கொறையாது. கடல் ஓசின்னு யார் சொன்னது. பேங்க்ல ஒம்பதரைக்கு உக்காரணும், அவங்க எத்தன மணிக்கு எந்திரிக்கிறது. அதுக்கும் மேல, அவங்க முங்குனா யாரு பாப்பாங்க?

———

வடகடல்வாசி:

பெட்ரோல் கணக்கு நியாயம், ஒத்துக்குறேன். தெனம் முடியாதுதான். சனி, ஞாயிறு ரெண்டு நாள்னா மாசம் ஒரு 800, 900 ரூபா ஆகும், அக்கா சொன்ன பட்ஜெட்டுக்குள்ள நிக்குது. மத்த நாளுக்கு விசில் சார் சொன்ன மாதிரி பேசிப் பாக்கட்டும். தனியா இறங்கச் சொல்லி நான் எங்கயும் எழுதலையே அண்ணே. தனியா இறங்கவே கூடாது, நானே இறங்க மாட்டேன்.

———

கண்மாய்க்கரை:

கடலும் வேணாம் குளமும் வேணாம், எங்க முதுகுளத்தூர் பக்கம் வாங்க, மழ பேஞ்சா கண்மாய் ரொம்பிக் கெடக்கும், பம்புசெட் கெணறு இருக்கு, பைசா செலவில்ல.

———

ஓய்வுபெற்ற விசில்:

தம்பி, பாசமாத்தான் கூப்புடுறீங்க, ஆனா அது ஆகாது. கண்மாய்ல மண் அள்ளின குழி எங்க இருக்குன்னு உள்ளூர்க்காரனுக்கே தெரியாது, முழங்கால் தண்ணில நடந்துக்கிட்டே இருப்போம், அடுத்த எட்டுல ஆள் மட்டம். கெணத்துல வட்டமா சுத்தத்தான் முடியும். பள்ளிக்கூடப் புள்ளைக விஷயத்துல நான் பாத்ததெல்லாம் போதும், இதப் பத்திப் பேச வேணாம்.

———

மாறுதல்வாங்கினவ:

அம்மாடி, இவ்ளோ பேர் எழுதுவீங்கன்னு நெனைக்கல, நன்றி. வடகடல்வாசி தம்பி, நீவாட்டுக்கு எதிரா முதல்ல போகணும்னு சொன்னீங்களே, அது ஒண்ணுக்கே உங்களுக்கு டீ வாங்கித் தரணும். குளத்துல நீந்தி நீந்தி இதெல்லாம் யோசிச்சதே இல்ல.

சனி ஞாயிறு அரியமான், மதுரை போற அன்னைக்கு ரேஸ்கோர்ஸ், நடுவுல ஸ்டேடியத்துல பேசிப் பாக்குறது, இப்படித்தான் மனசுல ஓடுது. ஆனா ரெண்டு கேள்வி பாக்கி. ஒண்ணு, நீச்சல் உடைல பொதுக் கரைல இறங்குறது. வெக்கம்னு சொல்ல வரல, பத்துப் பேர் போன தூக்கிட்டு நிப்பானுங்களே, அதுதான். ரெண்டாவது, சொறி மீன், அதான் ஜெல்லி மீன். சின்ன வயசுல மெரினால ஒரு தடவ பட்டிருக்கு, அந்த எரிச்சல் இன்னும் ஞாபகம் இருக்கு.

———

ஓடக்கரைப் பொண்ணு:

அஸ்ஸலாமு அலைக்கும் அக்கா, நான் கீழக்கரை. உங்க முதல் கேள்விக்கு நான் பதில் சொல்றேன், ஏன்னா எங்களுக்கு அது முதல் கேள்வி மட்டும் இல்ல, ஒரே கேள்வியே அதுதான்.

நாங்க செய்றது இது. ஊர்ல வெளிநாட்டுல சம்பாதிச்சவங்க தோப்புக்குள்ள வீடு கட்டி குளமும் கட்டி வச்சிருக்காங்க, வருஷத்துல ஒரு மாசம்தான் அவங்க வருவாங்க, மத்த நாள் சும்மாதான் கிடக்கும். அதுல சிலத நாள் வாடகைக்கு விடுவாங்க. எங்க ராத்தா, மச்சி, பக்கத்து வீட்டுக்காரங்கன்னு ஏழெட்டுப் பொம்பளைங்க சேந்து காலைல ரெண்டு மணி நேரம் மட்டும்னு பேசி எடுத்தோம், ஆளுக்குப் பங்கு போட்டா சினிமா டிக்கெட் செலவுதான் வருது. சுவர் உயரம், வாசல்ல கேட், ஆம்பளை வாட்ச்மேன் இருந்தா அந்த ரெண்டு மணி நேரம் கேட்டுக்கு வெளிய. குளம் சின்னதுதான், வடகடல்வாசி சொன்ன மாதிரி சீக்கிரம் சுவர் வந்துரும். அதுக்கும் வழி இருக்கு, இடுப்புல ஒரு ரப்பர் கயித்தக் கட்டி ஏணில மறுநுனியக் கட்டிட்டா நின்ன எடத்துலயே நீந்தலாம், கயிறு பின்னால இழுக்க இழுக்க நீங்க முன்னால பாத்து நீந்திக்கிட்டே இருப்பீங்க, திரும்புற வேலையே இல்ல. முதல்ல சிரிப்பா இருக்கும், அர மணி நேரத்துல மூச்சு வாங்கிரும். ஏணி ஆடுதான்னு மட்டும் பாத்துட்டுக் கட்டுங்க.

உடைக்கு, முழுக்கை முழுக்கால் நைலான் நீச்சல் உடை இப்ப எல்லா எடத்துலயும் கிடைக்குது, தலைக்கும் சேத்து. இத எங்க ஆளுங்களுக்கு மட்டும்னு நெனைக்காதீங்க, கடல்ல வெயிலுக்கும் சொறிக்கும் அதுதான் பாதுகாப்பு. நைட்டி, சுடிதாரோட மட்டும் இறங்கவே இறங்காதீங்க. பருத்தி தண்ணியக் குடிச்சு கனத்துரும், கால்ல சுத்தும், மூழ்கிப் போற பொம்பளைங்கள்ல எத்தன பேருக்கு அந்தத் துணியே எமனா இருந்திருக்கும்னு நான் நெனைக்கிறதுண்டு.

ஸ்டேடியத்துல பேசுறப்ப பெண்களுக்கு ஒரு மணி நேரம் தனியாக் கேட்டு எழுதிக் குடுங்க, பத்துப் பேர் கையெழுத்தோட. எங்க பக்கத்துலருந்து கையெழுத்து நான் வாங்கித் தரேன்.

———

பாசிக்காரி மக:

அக்கா நான் பாம்பன் சின்னப்பாலம். எங்கம்மா பாசி எடுக்கப் போறவுக, மரிக்கொழுந்துப் பாசி. வள்ளத்துல போய் இறங்கி முங்கி முங்கி எடுக்கணும், காலைல போனா மதியம் வரைக்கும் தண்ணிலதான். இங்க லேப்ஸ் கணக்கு பேசுறதப் பாத்துட்டு அம்மாட்ட சொன்னேன், "காசு குடுத்து வேற நீந்துறாகளா"ன்னு கேட்டாக. 😀

உங்க சொறி கேள்விக்கு அம்மா சொன்னத அப்படியே எழுதுறேன். பட்டுச்சுன்னா கரைக்கு வந்து கடல் தண்ணியாலயே கழுவணும், நல்ல தண்ணி ஊத்தக் கூடாது, ஊத்தினா ஒட்டிக்கிட்டு இருக்குறது இன்னும் வெடிச்சு எரியும். மணல் வச்சுத் தேய்க்கிறது கூடாது. நூல் மாதிரி ஒட்டியிருந்தா வெறுங்கையால தொடாம குச்சியாலயோ அட்டையாலயோ எடுக்கணும். மூச்சுத் திணறல், நெஞ்சு படபடப்பு, மொகம் வீங்குறதுன்னா வீட்டு வைத்தியம் பாக்காம 108க்கு அடிச்சிரணும். கூட்டமா ஒதுங்கியிருக்குற நாள்ல கரைலயே நாலஞ்சு கெடக்கும், அதப் பாத்தா அன்னைக்கு இறங்கவே வேணாம், வீட்டுக்குப் போயிரலாம்.

அம்மாவுக்கு சொறிய விட திருக்கைதான் பயம். மணலுக்குள்ள புதைஞ்சு கெடக்கும், நேரா மிதிச்சாத்தான் வாலால அடிக்கும். அதனால நடக்கும்போது கால தூக்கி வைக்காம தரையோட இழுத்து இழுத்து நடங்க, அதிர்வு தெரிஞ்சு அதுவே ஓடிரும். அடிச்சிருச்சுன்னா பொறுக்குற அளவு சுடுதண்ணில கால வச்சுக்கிட்டே ஆஸ்பத்திரிக்குப் போகணும், சுடுதண்ணில வலி அடங்கும்.

உடைக்கு, எங்கம்மா எல்லாம் சேலைக்கு மேல முழுக்கைச் சட்டை, கைவிரல்ல துணி சுத்திக்கிட்டு, கால்ல ரப்பர் செருப்பு, கண்ணுக்குக் கண்ணாடி. ஊர்ல யாரும் நின்னு பாக்க மாட்டாக, ஏன்னா அது வேல. நீங்க இறங்குனாத்தான் பாப்பாக, அது உண்மைதான். ஆனா எங்க ஊர்ப் பொம்பளைக நாலு பேர் கரைல உக்காந்திருந்தா எவனும் போன தூக்க மாட்டான், அதுக்கு நான் கேரண்டி.

———

கரையிலயே நிக்கிறேன்:

சரி, நான் தோத்துட்டேன்னு சொல்ல மாட்டேன், ஆனா இறங்குறதுன்னா ஒழுங்கா இறங்குங்க. ஆரஞ்சு கலர்ல இடுப்புல கட்டி இழுத்துக்கிட்டுப் போற மிதவை ஆன்லைன்ல கெடைக்குது. அது வேணாம்னா மீனவங்க வலைக்குக் கட்டுற மிதப்பு பெருசா ஒண்ண வாங்கி ஆறடிக் கயித்துல கட்டிக்கலாம், களைச்சா பிடிச்சுக்கலாம், போட்டுக்காரனுக்கும் தூரத்துலருந்து தெரியும். கறுப்புத் தொப்பி போடாதீங்க, தண்ணில தலையே தெரியாது. கடலோரக் காவல் உதவி எண் 1093, போன்ல போட்டு வச்சுக்கங்க, கரைல உக்காந்திருக்குறவங்க போன்லயும்.

———

வடகடல்வாசி:

பாத்தீங்களா, அண்ணன் கரைல நின்னுக்கிட்டே நல்லா விசாரிச்சு வச்சிருக்காரு.

போட்டுன்னு சொன்னதால ஒண்ணு. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு ஓடாது. நாட்டுப்படகு ஓடும், அதுக கரையோரமாத்தான் வரும் போகும், அதனால வள்ளம் இறங்குற துறைய விட்டுத் தள்ளியே நீந்துங்க. வலை கட்டியிருக்கான்னு உள்ளூர்ல ஒரு வார்த்த கேட்டுட்டு இறங்குங்க, கேட்டா ரொம்ப சந்தோசமா சொல்லுவாக, கேக்காம போய் வலைல மாட்டி அத அறுத்தா திட்டு வாங்குவீங்க, நியாயமான திட்டுத்தான்.

நேரம் காலைல ஆறு, ஆறரை. பத்து மணிக்கு மேல கடல்காத்து ஏறிரும், அல சின்னதா இருந்தாலும் மூச்சு எடுக்குறப்பல்லாம் வாய்ல தண்ணி அடிக்கும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டின நாள்ல நீவாடு கூடுதலா இருக்கும், புதுசா இறங்குறவுக அந்த நாள விட்டுருங்க.

———

ஓய்வுபெற்ற விசில்:

அம்மா, இடுப்பு வலிக்கு ஒரு வார்த்த. தவளை நீச்சல் வேணாம், தலைய நிமித்தி நிமித்தி மூச்சு எடுக்குறதுல கீழ் முதுகு வளையும், வலி கூடும். மல்லாக்க நீச்சல் நல்லது, ஆனா கடல்ல மல்லாக்கப் போனா எங்க போறோம்னு தெரியாம வளஞ்சு ஆழத்துக்குப் போயிருவீங்க, அத குளத்துக்கு வச்சுக்கங்க. கடல்ல ஃப்ரீஸ்டைல், பத்துப் பன்னெண்டு கைக்கு ஒரு தடவ கண்ண மட்டும் முதலை மாதிரி தண்ணிக்கு மேல தூக்கி கரைல நட்ட கம்பப் பாத்துட்டு அப்படியே பக்கவாட்டுல மூச்சு எடுத்துரணும். உப்புத் தண்ணி காலத் தானா மேல தூக்கிக் குடுக்கும், அதனால குளத்த விட இடுப்புக்குச் சுமை கம்மியாத்தான் தெரியும். அத நம்பி முதல் நாளே ஒரு கிலோமீட்டர் போகாதீங்க, பாதியோட ஏறிருங்க. அக்குள்லயும் கழுத்துலயும் வேசலின் தடவுங்க, உப்பும் துணியும் உரசி புண்ணாயிரும்.

எப்பவாவது கடல் உள்ள இழுக்குற மாதிரி இருந்தா கரையப் பாத்து மல்லுக்கட்டாதீங்க. கரைக்கு இணையா, பக்கவாட்டுல கொஞ்ச தூரம் போங்க, இழுப்பு விட்டுரும், அப்புறம் கரைக்கு வரலாம்.

———

மாறுதல்வாங்கினவ:

சார், எல்லாத்தையும் நோட்டுல எழுதிக்கிட்டேன். ஸ்டேடியத்துக்கு திங்கக்கிழமை போறேன், பெண்கள் நேரம் கேட்டு மனுவும் எழுதியாச்சு, ஓடக்கரைப் பொண்ணு, கையெழுத்துக்கு உங்களத்தான் நம்பியிருக்கேன். பாசிக்காரி மக, அம்மா ஒரு ஞாயித்துக்கிழமை கரைல வந்து உக்காருவாங்களா? காசு குடுத்து நீந்தல, டிபன் மட்டும் வாங்கித் தரேன்னு சொல்லுங்க.

———

பாசிக்காரி மக:

அம்மா வாரேன்னுட்டாக. ஆனா உக்காந்திருக்க மாட்டாகளாம், கூடவே இறங்குவாகளாம். கண்ணாடி வாங்குறப்ப மூக்கையும் மூடுற மாதிரி வாங்காதீங்கன்னு சொல்லச் சொன்னாக, அதுல மூச்சு விட்டா பனி படிஞ்சிரும். சாதாரணக் கண்ணாடி போதும், உள்பக்கம் எச்சி தடவி கடல் தண்ணில ஒரு அலசு அலசிட்டுப் போடுங்க.

———

வடகடல்வாசி:

வார ஞாயித்துக்கிழமை அமாவாசை இல்ல, காலண்டர் பாத்துட்டேன். நானும் என் தங்கச்சியும் வாரோம், கம்பும் துணியும் நான் கொண்டாரேன். ஆறு மணிக்கு சவுக்குத் தோப்புக்கிட்ட வண்டிய விட்டுட்டு நில்லுங்க, லேட் பண்ணிறாதீங்க அக்கா, எட்டு மணிக்கு மேல டூரிஸ்ட் வேன் வர ஆரம்பிச்சா அப்புறம் கம்பு நட எடம் கெடைக்காது.